பற்று எழுதவேண்டிய பக்கம்

கணக்கும் கடவுளும் – 9

பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்வது நம் வழக்கம். பெரும்பாலும் அது பிறந்த ஊராகவோ பூர்வீக ஊராகவோ இருக்கும். காரைக்குடி வட்டாரத்தில், கானாடுகாத்தானுக்கு அருகில் இருக்கும் கொத்தமங்கலத்தின் விஷயம் கொஞ்சம் வேறு. அந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன மனிதர் அந்த ஊரில் பிறந்தவர் அல்ல. கொத்தமங்கலம் சுப்பு 1910இல் கன்னாரியேந்தல் என்ற சிற்றூரில் பிறந்தார். பிழைப்புக்காகக் கணக்கு எழுதும் வேலைக்கு வந்த இடம்தான் கொத்தமங்கலம். அங்கிருந்து நாடகம், நாடகத்திலிருந்து சினிமா, சினிமாவிலிருந்து எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ, வாசன் வழியாக ஆனந்த விகடன் என்று அவருடைய பாதை நீண்டது. 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தை இயக்கினார். 'கலைமணி' என்ற புனைபெயரில் விகடனில் அவர் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் ஏ.பி. நாகராஜன் கையில் படமானது. 1971இல் பத்மஸ்ரீ விருது வந்தது. இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் கணக்குப்பிள்ளை வேலை வேறொரு ஊரில் கிடைத்திருந்தால்? மோகனாம்பாளும் சிக்கல் சண்முகசுந்தரமும் நமக்குக் கிடைத்திருப்பார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் நம்மில் பாதிப்பேர் 'எல்லாம் அவன் செயல்' என்போம். மீதிப்பேர் 'தற்செயல்' என்போம். இரண்டு விடையிலும் 'செயல்' என்ற சொல் பொதுவாக நிற்பதைக் கவனிக்கலாம். தற்செயல் என்பதைப் பிரித்தால் தன் செயல். அதாவது செய்தவர் என்று யாரையும் சுட்டமுடியாமல், தானே நடந்த செயல். ஆக, நடந்தது ஒரு செயல் என்பதில் இரு தரப்புக்கும் வழக்கில்லை. யாருடைய கணக்கில் அதை எழுதுவது என்பதுதான் வழக்கு. சென்ற வாரம் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் கணக்கு முறையில் மகமைக்கு, அதாவது சாமிக்கென்று ஒதுக்கும் பங்குக்கு, இருந்த இடத்தைப் பார்த்தோம். இந்த வாரம் அதே பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வழக்கை விசாரிக்கலாம். வாழ்க்கையில் நேரும் எதிர்பாராத சந்திப்புகளில் இறைவனின் கையைக் காண்பது அறிவுக்குப் பொருந்துமா? பொருந்தும் என்பதே என் முடிவு. ஆனால் வழக்கமாக அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எவையும் தேறா என்பதும் என் முடிவுதான். முதலில் அந்தக் காரணங்களைக் கழித்துவிட்டு, மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்ப்போம்.

முதல் கழித்தல், கணிதத்தின் பெயரால். 'இது இவ்வளவு பொருத்தமாக அமைந்ததே, இது எப்படித் தானாக நடக்கும்?' என்ற வியப்புதான் நம்பிக்கையாளரின் முதல் சாட்சி. அந்தச் சாட்சி குறுக்கு விசாரணையில் நிற்பதில்லை. ஓர் அறையில் 23 பேர் இருந்தால் அவர்களில் யாரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் சற்று அதிகம். 365 நாட்களுக்கு 23 பேர் எந்த மூலைக்கு என்றுதான் மனம் நினைக்கும். ஆனால் 23 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் 253 ஜோடிகள் வரும் என்பதை மனம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் அன்றாடமும் அப்படித்தான். ஒரு நாளில் பார்க்கும் முகங்கள், கேட்கும் பேச்சுகள், தவறவிடும் பேருந்துகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்தால் கோடிக்கணக்கான பொருத்தங்கள் பிறக்கின்றன. அவற்றில் சில பொருத்தங்கள் வியக்கத்தக்கவையாக இல்லாமல் போனால்தான் அதிசயம். அதோடு நாம் எண்ணுவது ஜெயித்த சீட்டுகளை மட்டுமே. செட்டிநாட்டுப் பெட்டியடிகளில் கணக்கு எழுதிய இளைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களில் நாடக ஆசை இருந்தவர்களும் இருந்திருப்பார்கள். பேரேட்டின் மேலேயே கண் மங்கிப்போனவர்களுக்கு யாரும் வரலாறு எழுதுவதில்லை. கரை சேர்ந்தவரை மட்டும் கேட்டுவிட்டுக் கடலுக்குக் கருணை உண்டு என்று தீர்ப்பு எழுதமுடியாது. இந்த மறுப்பை நான் முழுவதுமாக ஏற்கிறேன். பொருத்தத்தின் அபூர்வத்தை வைத்துக் கடவுளை நிரூபிக்க முயல்பவர் வாய்ப்பாட்டிலேயே தோற்றுவிடுவார்.

இரண்டாவது கழித்தல், சமூகத்தின் பெயரால். நாம் தற்செயல் என்று சொல்லும் பலவற்றுக்குப் பின்னால் மனிதர்கள் கட்டிவைத்த அமைப்பு இருக்கிறது. இதற்குச் செட்டிநாட்டைவிட நல்ல உதாரணம் வேண்டாம். நகரத்தாருக்கு இளையாற்றங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது நகரக் கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் வேறு கோயிலாரோடு. ஒரு காலத்தில் 96 என்றும் இன்று எழுபத்துச் சொச்சம் என்றும் சொல்லப்படும் ஊர்களுக்குள் இந்த உறவுகள் பின்னிக் கிடக்கின்றன. இவர்களில் இருவர் சிங்கப்பூரிலோ சிகாகோவிலோ எதிர்ப்பட்டு, எந்தக் கோயில், எந்த ஊர் என்று இரண்டு கேள்வி கேட்டால் மூன்றாவது கேள்விக்குள் உறவு பிடிபட்டுவிடும். அது தெய்வச் செயல்போலத் தோன்றலாம். உண்மையில் தலைமுறை தலைமுறையாகப் பின்னிய வலை. சுப்புவின் கதையும் இப்படித்தான்: ஊரில் பணம் இருந்தது, பணம் இருந்ததால் திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் நாகசுரமும் நாடகமும் இருந்தன, அதனால் ஒரு கணக்குப்பிள்ளைக்குக் கலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இதே வலைக்கு வெளியே நின்றவர்களையும் நினைக்கவேண்டும். கோயில் வாசலுக்குள்ளேயே நுழைய முடியாதவருக்குக் கோயில் கச்சேரி எந்த வாய்ப்பைத் திறந்திருக்கும்? ஒருவருக்கு 'இறைவன் காட்டிய வழி'யாகத் தெரிவது, இன்னொருவருக்குப் பூட்டிய கதவாக இருந்திருக்கிறது. கதவைத் திறந்தவரும் பூட்டியவரும் மனிதர்கள்தாம். அதையும் கடவுள் கணக்கில் தள்ளுவது, நம் பொறுப்பைக் கை கழுவுவது.

இரண்டையும் கழித்தபின் என்ன மிஞ்சும் என்று பார்க்க, தமிழ் உலகம் நன்கறிந்த ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்வோம். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணம். கல்லூரித் தமிழாசிரியராகச் சேர்ந்து ஓராண்டு நிறையாத உ.வே. சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். மரியாதைக்காகப் போன சந்திப்பு அது. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று தாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற பெரும்பட்டியலை ஒப்பிக்கிறார். முதலியார் அசையவில்லை. இவையெல்லாம் பிற்காலத்தவை, இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார். அந்தக் கேள்வி ஒரு வித்துவானின் தன்மானத்தில் தைத்த முள். ஏழு ஆண்டு கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சாகிறது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஒரு முன்சீபின் மாற்றல் உத்தரவு வேறு ஊருக்குப் போயிருந்தால் இந்த வரிசை என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது, நாத்திகருக்கும் ஒரு கணம் மயிர்க்கூச்செறியும்.

ஆனால் இங்கேயும் அவசரம் கூடாது. அந்தச் சந்திப்பு இல்லாவிட்டால் சங்க நூல்கள் மொத்தமும் அழிந்திருக்கும் என்று சொல்வது மிகை. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை அதே காலத்தில் பழைய நூல்களை அச்சேற்றிக்கொண்டிருந்தார். 1887இல் கலித்தொகை அவர் பதிப்பாகத்தான் வந்தது. சிந்தாமணியைப் பதிப்பிக்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது. சிந்தாமணியின் முதல் இலம்பகத்தை அதற்கும் முன்பே பவர் என்ற பாதிரியார் அச்சிட்டிருந்தார். ஆகவே ஒரு கண்ணி அறுந்தால் இன்னொரு கண்ணி முளைத்திருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. சிந்தாமணி சைன காப்பியம். அதன் நுட்பங்களைத் தெரிந்துகொள்ள, சைவ மடத்தில் வளர்ந்த அந்தணரான சாமிநாதையர் கும்பகோணத்துச் சைனர்களின் வீடுகளுக்குப் போய்ப் பாடம் கேட்டார். அப்படியானால் இந்தச் சந்திப்பில் வேலை செய்தது யாருடைய கை? அவர் வழிபட்ட சிவபெருமானுடையதா, திருத்தக்கதேவர் வணங்கிய அருகனுடையதா? 'என் தெய்வம் எனக்காகச் செய்தது' என்று உரிமைப் பத்திரம் எழுத முயன்றால் இந்த நிகழ்ச்சி இடம் கொடுக்காது. தற்செயலில் தெய்வத்தைக் காண்பவர் முதலில் தன் தெய்வத்தின் எல்லைக்கல்லைப் பிடுங்கவேண்டியிருக்கிறது. சாமிநாதையர் வாதம் செய்யாமலே அதைச் செய்தார். தம் வாழ்வின் திருப்பங்களைத் திருவருள் என்று எழுதிய அதே மனிதர்தான், சைனர் வீட்டில் மாணவராக உட்கார்ந்தார். பௌத்தம் பேசும் மணிமேகலைக்கும் அதே உழைப்பைக் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் பேரேடு உதவிக்கு வருகிறது. நம் பழைய கணக்கில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவர் கொடுத்தது வரவு. அவர் வாங்கியது பற்று. கடையில் அரிசி வாங்கியவன் பக்கத்தில் அது பற்றாக ஏறும். அவன் வீட்டுக்கு அரிசி வந்தது என்பதற்காக அவன் பக்கத்தில் வரவு எழுதும் கணக்கப்பிள்ளை மறுநாளே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆனால் வாழ்க்கைக் கணக்கில் நாம் அந்தத் தப்பைத்தான் தினமும் செய்கிறோம். ஒரு நல்ல சந்திப்பு நேர்ந்தால், ஓர் ஆபத்து விலகினால், 'ஆண்டவன் என் பக்கம் இருக்கிறான்' என்று நம் பெயரில் வரவு எழுதிக்கொள்கிறோம். நம் தகுதிக்கு மேலிடத்திலிருந்து வந்த சான்றிதழாக அதை மாட்டிவைக்கிறோம். கேட்காமல் வந்த ஒன்று, உழைக்காமல் வந்த ஒன்று, வாங்கியவன் பக்கத்தில் பற்றாக அல்லவா ஏறவேண்டும்? இறைவனின் கையைக் காண்பது என்றால் எனக்குப் புரிவது இவ்வளவுதான்: கொடுத்தவர் பக்கத்தில் வரவும் என் பக்கத்தில் பற்றும் எழுதுவது. பற்று என்ற சொல்லுக்குக் கடையில் கடன் என்றும் கோயிலில் பக்தி என்றும் நம் மொழி இரண்டு பொருள் வைத்திருக்கிறது. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பி, அந்தக் கோயிலில் கூடி நடப்பு வட்டி பேசி, மகமைப் பணத்தைச் சாமி பெயரில் தனிக் கணக்காக வைத்து அதற்கும் வட்டி கட்டிய நகரத்தாருக்கு, இந்த இரண்டு பொருளும் ஒரே பக்கத்தில் இருந்தன. தெய்வம் அவர்களுக்குக் கடன் கொடுத்தவர். கொடுத்துவைத்தவர், திருப்பிக் கேட்கும் உரிமை உள்ளவர்.

பற்று எழுதியவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்குக் காரைக்குடியே சாட்சி. 1889இல் லண்டனில் அன்னி பெசன்ட் என்ற பெண்மணிக்கு, பத்திரிகை ஆசிரியர் டபிள்யூ.டி. ஸ்டெட் ஒரு புத்தகத்தை மதிப்புரைக்காகக் கொடுத்தார். பெசன்ட் அப்போது பெயர்பெற்ற நாத்திகப் பேச்சாளர். புத்தகம், பிளாவட்ஸ்கி அம்மையாரின் 'இரகசியக் கோட்பாடு'. மதிப்புரை எழுதப்போனவர் பிரம்மஞானியாகி, 1893இல் இந்தியாவுக்கு வந்து, கல்விக்கும் சுயாட்சிக்கும் உழைத்து, 1933இல் அடையாற்றில் மறைந்தார். 1947இல் சென்னையில் அவருடைய நூற்றாண்டு விழா. பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வரவேண்டும் என்று பேசினார். கூட்டத்தில் இருந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குகிறேன் என்றார். அந்த ஆண்டே காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கின. அடுத்து, மத்திய அரசு தேசிய ஆய்வுக்கூடங்கள் அமைக்கவிருப்பது தெரிந்ததும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. லண்டனில் ஒரு நாத்திகர் மேசையில் விழுந்த புத்தகம், 58 ஆண்டு கழித்துச் சிவகங்கைச் சீமையில் கல்லூரியாக முளைத்தது என்று இதைக் கோக்கலாம். கோத்து வியக்கலாம். ஆனால் என் கண்ணுக்குப் படுவது வேறு. அந்த அரங்கில் இருந்த எல்லாச் செவிகளிலும் அதே பேச்சுதான் விழுந்தது. எழுந்தவர் ஒருவர். தற்செயல் எல்லோருக்கும் பொதுவாக வந்தது. அதைத் தன் பெயரில் பற்று எழுதிக்கொண்டவருக்கு மட்டுமே அது அழைப்பாக மாறியது. 1957 ஏப்ரல் 5இல், 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில் அவர் இறந்தபோது, பேரேட்டில் அந்தப் பற்றுக்கு எதிரே தீர்த்த தொகை நிறையவே இருந்தது.

இனி, இந்த வாதத்துக்கு எதிரான கடுமையான மறுப்பு. நன்மையில் கையைக் காண்பவர் தீமையில் யார் கையைக் காண்பார்? இதையும் செட்டிநாட்டுப் பேரேட்டிலேயே படிக்கலாம். 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது பர்மாவில் நெல் விலை பாதியாக விழுந்தது. கடனைக் கட்டமுடியாத விவசாயிகளின் நிலங்கள் ஈட்டுப் பத்திரங்களின் வழியாகச் செட்டியார் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நில உடைமை, 1938இல் 25 சதவீதமாயிற்று. லேவாதேவிக்காரருக்கும் அது விரும்பிய லாபம் அல்ல. ரொக்கம் நிலமாக உறைந்துபோன நெருக்கடி. பர்மிய உழவனுக்கோ அது பரம்பரை மண் பறிபோன நாள். பிறகு 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள். லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான், மணிப்பூர் மலைப்பாதைகளில் நடந்தும் ஊர் திரும்பினார்கள். வழியில் செத்தவர்கள் ஆயிரமாயிரம். பர்மா விடுதலை பெற்ற 1948இலேயே நில தேசியமயச் சட்டமும் வந்தது. பர்மாத் தேக்கில் நின்ற கொத்தமங்கலம், கானாடுகாத்தான் வீடுகள் அதற்குப்பின் மெல்லப் பூட்டப்படத் தொடங்கின. அந்த மலைப்பாதையில் கடைசிக் கப்பலைத் தவறவிட்டு விழுந்தவனின் தற்செயலில் எந்தக் கை இருந்தது? அதே போர்தான் சென்னையிலிருந்த சினிமாவைச் சிதறடித்து, ஏவி. மெய்யப்பனைக் காரைக்குடியில் ஸ்டுடியோ போடவைத்தது. 1947இன் 'நாம் இருவர்' அங்கேதான் உருவானது. ஒரு குண்டு ஒருவன் பக்கத்தில் சாவாகவும் இன்னொருவன் பக்கத்தில் வாய்ப்பாகவும் ஏறுகிறது. கை ஒன்றுதானா?

இதற்கு வழக்கமான பதில்கள் இரண்டு. ஒன்று, எல்லாம் முன்வினை என்பது. இன்னொன்று, இறைவனின் திட்டம் நமக்குப் புரியாது என்பது. சிலப்பதிகாரம் முதல் பதிலின் உச்சம். மதுரைக்குள் சிலம்பு விற்க நுழைந்த கோவலன், அத்தனை பொற்கொல்லரில் அரசியின் சிலம்பைத் திருடியவனிடமே போய் நிற்பதை இளங்கோ ஊழ் என்கிறார். ஆனால் அந்தக் காப்பியத்திலேயே கண்ணகி ஊழை ஏற்றுக்கொண்டு சும்மா உட்காரவில்லை. நீதி கேட்டு அரண்மனைக்குப் போனாள். ஊழ் என்ற சொல் பாதிக்கப்பட்டவளின் வாயை அடைக்கவில்லை என்பதால்தான் அந்தக் காப்பியம் இன்றும் நிற்கிறது. இங்கிருந்து ஒரு விதியை எடுக்கலாம். தற்செயலில் தெய்வத்தின் கையைக் காணும் உரிமை, வாங்கியவருக்குத்தான் உண்டு. அதுவும் தன் பக்கத்தைப் பற்றி மட்டும். இன்னொருவர் பக்கத்தைத் திறந்து 'இது உன் வினை' என்றோ, 'இதுவும் நன்மைக்கே' என்றோ எழுத யாருக்கும் அதிகாரம் இல்லை. நிலம் இழந்த பர்மிய உழவனுக்கு அதைச் சொல்வது திருட்டுக் கணக்கு. என் கைக்கு வந்த நல்லதில் இன்னொருவரின் இழப்பு கலந்திருந்தால், பற்று இரண்டு மடங்கு என்றே நான் எழுதவேண்டும். தீமை ஏன் என்ற கேள்விக்கு இது விடை ஆகாது. நன்மையை எப்படி வாங்கிக்கொள்வது என்பதற்கு மட்டும்தான் இது விடை. அந்த அளவோடு நிற்பதே இதன் நேர்மை.

அடுத்து ஒரு நியாயமான குறுக்குக் கேள்வி. நன்றியும் கடமையும்தான் முடிவு என்றால், நடுவில் கடவுள் எதற்கு? பெரியாரின் மண்ணில் இதைக் கேட்காமல் விடமுடியாது. பகுத்தறிவாளர் ஒருவர் தமக்குக் கிடைத்த வாய்ப்பைச் சமூகத்தின் கடன் என்று எழுதி, அடுத்த தலைமுறைக்குத் திருப்பலாம், திருப்பியவர்கள் நிறைய. அவர்கள் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. நான் சொல்லவருவது, சமூகம் என்று எழுதியபிறகும் ஒரு மிச்சம் நிற்கிறது என்பதை. உ.வே.சா. இராமசாமி முதலியாருக்கு நன்றி சொல்லலாம். ஏட்டைக் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லலாம். ஆனால் முதலியாரும் தாமும் ஒரே ஆண்டில் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்ததற்கு யாரிடம் போய்ச் சொல்வது? முதலியாருக்கே அதில் பங்கு இல்லை. கண்ணிகளுக்குப் பெயர் உண்டு, கண்ணிகள் கோத்துக்கொண்டதற்குப் பெயர் இல்லை. பெயரில்லாத அந்தப் பாக்கியை 'அதிர்ஷ்டம்' என்று எழுதினால் ஒரே வரியில் கணக்கு முடிந்துவிடும். அதிர்ஷ்டத்துக்கு யாரும் வட்டி கட்டுவதில்லை. சாமி என்று எழுதினால் பக்கம் திறந்தே இருக்கும். என்றைக்கும் முழுதாகத் தீராத கடன் என்று தெரிந்தே கட்டிக்கொண்டிருக்கும் மனநிலைதான் பக்தி. இது நிரூபணம் ஆகாது. ஐந்தொகை போடும்போது எந்தத் தலைப்பின் கீழ் எழுதினால் கணக்கு நேர்படுகிறது என்கிற தேர்வு. நாத்திகர் வேறு தலைப்பில் எழுதி அதே நேர்மையோடு கட்டினால் அவரோடு எனக்கு வழக்கில்லை. சாமி பெயரை எழுதிவிட்டுக் கட்டாமல் இருக்கும் ஆத்திகரோடுதான் வழக்கு.

கடைசியாக, இப்படி நம்பினால் கை கட்டி உட்கார்ந்துவிடமாட்டோமா என்ற அச்சம். திருவள்ளுவர் அறத்துப்பாலில் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார். பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கு இன்னொன்று கொடுத்தார். முதலாவது வந்ததைச் சொல்கிறது, இரண்டாவது வந்ததை வைத்துச் செய்யவேண்டியதைச் சொல்கிறது. பற்றுக்கும் வரவுக்கும் ஒரே பேரேட்டில் இடம் இருப்பதைப் போலத்தான் இதுவும். இந்தச் சீமையிலேயே அதைவிடப் பழைய குரல் ஒன்று இருக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம், திருப்பத்தூர்ப் பக்கத்து மகிபாலன்பட்டி என்று கருதப்படுகிறது. எல்லா ஊரையும் தன் ஊராகச் சொன்ன அவருடைய புறநானூற்றுப் பாட்டின் முதலடியை நாம் உலக மேடைகளில் முழங்குகிறோம். அதன் காரணம் பின்பாதியில் இருப்பதைக் கவனிப்பதில்லை. மலையாற்றில் அகப்பட்ட தெப்பத்தைப் போல உயிர் தன் முறைப்படி போகிறது என்று தெளிந்ததால், உயர்ந்தவரைக் கண்டு வாய் பிளப்பதும் இல்லை, எளியவரைக் கண்டு முகம் சுளிப்பது அதைவிட இல்லை என்பது அவர் கண்ட முடிவு. தெப்பம் எந்தக் கரையில் ஒதுங்கியது என்பதற்குத் தெப்பம் மார்தட்ட முடியாது. கரையில் ஒதுங்கியது, இன்னும் நீரில் தத்தளிப்பதைப் பார்த்து இகழவும் முடியாது. தற்செயலைப் பற்றித் தமிழில் இதைவிடத் தெளிவாக யோசித்தவர் எவரையும் நான் அறியேன். அவர் அதற்குக் கடவுள் பெயர் இடவில்லை. இடாமலே பணிவுக்கு வந்து சேர்ந்தார். இறைவன் பெயரை இட்டுச் செல்பவரும் அந்தப் பணிவில் வந்து சேராவிட்டால், வழியில் எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது என்று அர்த்தம்.

தொடங்கிய இடத்துக்கு வருவோம். பிறந்த ஊரின் பெயரைத் தாங்குவது இயல்பு. அதில் எழுதவேண்டிய பாக்கி பெரிதாக இல்லை. பிழைக்கப்போன ஊரின் பெயரைத் தாங்குவது வேறு. இங்கே எனக்கு ஏதோ கிடைத்தது, அது நான் கொண்டுவந்தது அல்ல என்கிற ஒப்புதல் அந்தப் பெயரிலேயே ஏறிவிடுகிறது. கொத்தமங்கலம் சுப்பு 1974இல் மறைந்தார். படத்தின் டைட்டிலிலும் புத்தக அட்டையிலும் அவர் பெயர் வரும்போதெல்லாம் ஊரின் பெயர் முதலில் வருகிறது, மனிதரின் பெயர் அதற்கு அடுத்து. கணக்கு எழுத வந்தவர் போட்ட பதிவுகளில் இன்றுவரை அழியாமல் இருப்பது அதுதான்.

(தொடரும்)